தகரப் பெட்டிக்குள் கிடக்கும் இலக்கியமும் நமது உலக மாநாடுகளும்

உலக இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு அடுத்து எங்கே, யார் தலைமையில் என்ற பேச்சு நம்மவர் மத்தியில் இடைக்கிடை எழுவதுண்டு. கொழும்பா, சென்னையா, கோலாலம்பூரா என்று ஊர்ப் பெயர்கள் அடிபடும். எந்த அமைச்சரைப் பிரதம அதிதியாக அழைப்பது என்பது வரைக்கும் பேச்சு போகும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது ஒரு தகரப் பெட்டி.

தெரணியகலைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்தை ஒட்டிய சிறிய வீட்டில் அது இருந்தது. உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படித்த ஒரு பிள்ளையின் வீடு. அவளுடைய வாப்பாவின் பாட்டனார் தமிழகத்துக் கரையிலிருந்து வந்தவர். துணிப் பொட்டலத்தைத் தலையில் சுமந்து, சம்பள நாளில் லயம் லயமாக ஏறி இறங்கி, கடனுக்குச் சேலை கொடுத்து வியாபாரம் செய்தவர். அவர் விட்டுப்போன பெட்டிக்குள் ‘நூறு மசலா’, ‘பெண்புத்தி மாலை’, ‘விறகு வெட்டியார் கிஸ்ஸா’ என்று அட்டை கழன்ற அச்சுப் பிரதிகள் சில இருந்தன. அவற்றுக்கு அடியில் கையெழுத்துக் கொப்பிகள் இரண்டு. முழுவதும் அறபுத்தமிழ். ஓரங்களைக் கறையான் தின்றிருந்தது.

“சேர், இத யார்ட குடுக்கிற?” என்று பிள்ளையின் வாப்பா கேட்டார். பள்ளிவாசலில் கொடுத்தால் பழைய குர்ஆன் ஏடுகளோடு சேர்த்து அடக்கிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். கொழும்புக்குக் கொடுத்தால் திரும்பப் பார்க்கக் கிடைக்காது என்று அதைவிடப் பெரிய பயம். இருபது வருடமாகத் தமிழ் படிப்பிக்கிற, மாநாட்டு மலர்களைப் பத்திரமாக அடுக்கி வைத்திருக்கிற எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எழுபதுகளிலிருந்து உலக அளவில் கூடிக் கலைந்துகொண்டிருக்கும் ஒரு துறையில், ஒரு கொப்பியை எங்கே கொடுப்பது என்ற கேள்விக்கு விடை இல்லை என்றால் அந்தக் கூடல்களின் பயன் என்ன என்ற கேள்வி அன்று எனக்குள் எழுந்தது. இன்னும் அடங்கவில்லை.

மாநாடுகளைக் குறை சொல்வது சுலபம். நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1973 இல் திருச்சியில் முதல் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியபோது, தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் முஸ்லிம்களுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் உமறுப் புலவர், குணங்குடி மஸ்தான் சாகிபு என்ற இரண்டு பெயர்களோடு முடிந்துவிடும். அந்த நிலையை மாற்றியதில் மாநாடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1978 இல் காயல்பட்டினம், 1979 இல் கொழும்பு, பின்னர் கீழக்கரை, சென்னை, 2002 இல் மறுபடி கொழும்பு, 2011 இல் கோலாலம்பூர், 2016 இல் மீண்டும் கொழும்பு என்று அவை தொடர்ந்தன. அவற்றின் மலர்களும் ஆய்வுக்கோவைகளும் இல்லையென்றால் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு வகுப்பில் சொல்ல எதுவும் இருந்திருக்காது. பழைய காப்பியங்கள் மறுபதிப்புக் கண்டன. கடல் கடந்து மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் மாநாடு என்பது மூன்று நாள். நான்காம் நாள் பொன்னாடைகளை மடித்து வைத்துவிட்டு எல்லோரும் விமானம் ஏறிவிடுகிறோம். அடுத்த மாநாடு வரைக்கும் அந்தச் சங்கத்துக்கு முகவரி இல்லை. இருப்பது ஒரு தலைவரின் வீட்டு முகவரி மட்டும்தான். அவர் மவுத்தானால் அதுவும் இல்லை.

இந்தத் துறையில் உண்மையான சர்வதேசக் கூட்டுழைப்பு என்று நான் மதிப்பது பெரும்பாலும் ஒரு மனிதரோடு தொடர்புடையது. மர்ஹூம் பேராசிரியர் ம. முகம்மது உவைஸ் 1922 இல் பாணந்துறை ஹேனமுல்லையில் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விபுலாநந்த அடிகளாரிடம் தமிழ் படித்தவர். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்களிப்பையே முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வாக எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் அது துணிச்சலான தெரிவு. இப்படி ஒரு விடயம் இருக்கிறதா என்று கேட்டவர்களே அதிகம். 1953 இல் அந்த ஆய்வு ஆங்கிலத்தில் நூலாக வந்தது. பின்னர் முஸ்லிம் காப்பியங்கள் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்று ஒரு பேராசிரியப் பதவி அமைந்தபோது, 1979 இல், அந்தக் கதிரையில் அமர்ந்தவர் தமிழகத்தவர் அல்ல. நமது பாணந்துறைக்காரர்தான்.

அங்கே அவர் தனியாக வேலை செய்யவில்லை. தமிழகத்தின் பீ. மு. அஜ்மல்கானோடு சேர்ந்து ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு’ என்ற நூலைப் பல தொகுதிகளாக எழுதினார். ஒருவர் இலங்கையர், மற்றவர் இந்தியர். ஒரே மேசை, ஒரே திட்டம், பல வருட உழைப்பு. கூட்டுழைப்பு என்ற சொல்லுக்கு நான் பிள்ளைகளுக்குக் காட்டும் உதாரணம் இதுதான். இன்னொரு விடயமும் உண்டு. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ நாவலைத் தமிழுக்குத் தந்தவரும் இதே உவைஸ்தான். மதுரையோடு கைகோத்த மனிதருக்குப் பக்கத்துச் சிங்கள வீட்டின் இலக்கியமும் தெரிந்திருந்தது. அந்தக் கலவை சப்ரகமுவையில் வாழும் நமக்கு எவ்வளவு தேவையானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1996 இல் உவைஸ் மறைந்தார். இரு நாட்டிலும் நல்ல ஆய்வாளர்கள் அவருக்குப் பிறகும் வந்திருக்கிறார்கள். இரண்டு கரையையும் சேர்த்து ஒரே மேசையில் உட்கார வைக்கும் ஏற்பாடுதான் மறுபடி அமையவில்லை.

நம்மைவிடப் பெரிய சங்கங்களுக்கும் இது எளிதாக இருக்கவில்லை. உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964 ஜனவரியில் புதுடில்லியில் பிறந்தது. கீழைத்தேய ஆய்வாளர்களின் சர்வதேச மாநாட்டுக்கு வந்திருந்தவர்களைக் கூட்டி அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஊர்காவற்றுறைக் கரம்பனில் பிறந்த தனிநாயகம் அடிகள். பிரான்ஸின் ஃபிலியோசா தலைவர், செக் நாட்டின் கமில் சுவெலெபில் செயலாளர்களில் ஒருவர். 1966 இல் கோலாலம்பூர், 1968 இல் சென்னை, 1970 இல் பாரிஸ். எவ்வளவு அழகான தொடக்கம்! 1974 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, வெளிநாட்டு அறிஞர் சிலருக்கு வீசா மறுக்கப்பட்டது. முடிவு நாள் பொதுக்கூட்டத்தில் பொலிஸ் நடவடிக்கையைத் தொடர்ந்து ஒன்பது உயிர்கள் போயின. 1995 இல் தஞ்சாவூர் மாநாட்டுக்குப் போன பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி உள்ளிட்ட இலங்கை அறிஞர்கள் கலந்துகொள்ள விடாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தமிழ் ஆய்வுக்குத் தன் வாழ்நாளைக் கொடுத்த ஒருவரைத் தமிழ் மாநாட்டின் வாசலிலிருந்து திருப்பி அனுப்பிய வெட்கத்தை எந்த மலரும் மறைக்க முடியாது.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், மாநாட்டை மட்டுமே நம்பியிருக்கும் சங்கம் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது என்பதுதான். வீசா, மண்டபம், பணம், அமைச்சர் என்று எல்லாவற்றுக்கும் ஓர் அரசின் தயவு தேவை. அந்தத் தயவு போனால் சங்கமும் போகும். இரண்டு பேர் ஒரு சுவடியைச் சேர்ந்து வாசிப்பதற்கு எந்த அமைச்சரும் தேவையில்லை.

சரி, இதற்கும் சப்ரகமுவைத் தோட்டங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம்.

மலையகம் என்றதும் பலர் மனதில் வருவது நுவரெலியா, ஹட்டன். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்கள் அப்படியல்ல. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை என்று இறப்பரும் தாழ்நிலத் தேயிலையுமாகச் சிதறிக் கிடப்பவை. ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் இடையில் சிங்களக் கிராமங்கள். தமிழ் இங்கே தீவு தீவாகத்தான் இருக்கிறது. அந்தத் தீவுகளை ஓரளவு இணைத்து வைத்திருந்தது சந்தி. அந்தச் சந்தியில் ஒரு முஸ்லிம் கடை, அதன் பின்னால் ஒரு தைக்கா அல்லது பள்ளி. தோட்டத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பல இடங்களில் ஒரே தமிழ்மொழி வகுப்பில் இருக்கிறார்கள். தோட்டப் பாடசாலையில் உயர்தரக் கலைப்பிரிவு இல்லாவிட்டால் தோட்டத்துப் பிள்ளை முஸ்லிம் பாடசாலைக்கு வரும். நான் படிப்பிக்கும் வகுப்பில் பாத்திமாவும் பரமேஸ்வரியும் ஒரே வாங்கில் இருந்து சீறாப்புராணம் படிக்கிறார்கள்.

ஆனால் ஆய்வுலகம் இவர்களை இரண்டு அலுமாரிகளில் வைத்திருக்கிறது. ஒன்று ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கியம்’, மற்றது ‘மலையக இலக்கியம்’. முதலாவது அலுமாரியில் காயல்பட்டினம், கீழக்கரை, பேருவளை, கிழக்கு மாகாணம். இரண்டாவதில் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய தோட்டப் பாடல்கள், நாவல்கள், சிறுகதைகள். தோட்டத்துச் சந்தியில் வாழ்ந்த முஸ்லிமின் கொப்பி இரண்டிலும் இல்லை. லயத்துக்குச் சேலை கொண்டுபோனவர் இரவில் என்ன பாடினார், தாயிரா அடித்துக்கொண்டு வந்த பக்கீர்மாரின் கிஸ்ஸாவைக் கேட்கத் தோட்டத்து மக்களும் வந்து உட்கார்ந்தார்களா, மஸ்தான் சாகிபு பாடலைக் கங்காணி வீட்டிலும் பாடினார்களா என்று கேட்டுப் பதிந்தவர் மிகக் குறைவு. கேட்டிருந்தால் இந்த இரண்டு அலுமாரிகளும் ஒரே மரத்தில் செய்தவை என்று தெரிந்திருக்கும்.

அந்தத் தகரப் பெட்டி எனக்கு இன்னொன்றையும் சொல்லித் தந்தது. அந்தக் குடும்பத்தின் மற்றப் பாதி தமிழகத்தில் இருக்கிறது. இந்தியச் சோனகர் என்று குடிசன மதிப்பீடு பிரித்து எழுதிய நம்மவர்களும், தோட்டத் தொழிலாளரைப் போலவே, 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தில் அகப்பட்டவர்கள். இது நமது இளைஞர் பலருக்குத் தெரியாது. நாடற்றவர் பிரச்சினை தோட்டத்து இந்துக்களுக்கு மட்டும் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் ஐந்தே கால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பேசிக்கொள்வோம் என்று இரண்டு அரசாங்கங்களும் கணக்குப் பார்த்தன. அந்தக் கணக்கில் அண்ணன் இங்கேயும் தம்பி அங்கேயும் ஆனார்கள். சாமான் பிரிக்கும்போது கொப்பிகளும் பிரிந்தன. தெரணியகலையில் நான் பார்த்த கொப்பி நடுவில் ஒரு வரியோடு நிற்கிறது. அதன் தொடர்ச்சி இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏதோ ஒரு வீட்டுப் பரணில் இருக்கக்கூடும், இல்லாமலும் போயிருக்கலாம்.

ஆகவே, சர்வதேசக் கூட்டுழைப்பு என்பது நமக்கு கௌரவப் பிரச்சினை அல்ல. வெளிநாட்டுப் பேராளர் வந்தால் மேடை நிறைவாக இருக்கும் என்பதற்காக அல்ல. மூலமே இரண்டு நாட்டில் பிளந்து கிடக்கிறது. ஒரு நாட்டில் இருந்துகொண்டு அதை வாசித்து முடிக்க முடியாது. ஆங்கில இலக்கியம் படிக்கும் சங்கத்துக்கு வெளிநாட்டுத் தொடர்பு ஒரு வசதி. நமக்கு அதுதான் அடிப்படை.

இன்னும் விரிந்த உதாரணமும் உண்டு. முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய முஸ்லிம் தமிழ் இலக்கியம் என்று நாம் பெருமையோடு சொல்லும் ‘ஆயிர மசலா’ 1572 இல் அரங்கேறியது. ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோனித் ரிச்சி, அதே ஆயிரம் கேள்விகளின் கதையை ஜாவா மொழியிலும் மலாயிலும் தமிழிலும் சேர்த்து வாசித்து 2011 இல் ஒரு நூல் எழுதினார். தமிழை மட்டும் வாசித்த நமக்குத் தெரியாத உறவுகள் அதில் தெரிந்தன. நமது நாட்டிலேயே மலாய் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய கையெழுத்துப் பிரதிகளை நமது அறபுத்தமிழ்ப் பிரதிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. அந்த ஆய்வாளருடைய நாட்டின் அரசியலில் நம் யாருக்கும் உடன்பாடில்லை. அதற்காக அந்த நூலைப் படிக்காமல் விடுவது நமக்குத்தான் நட்டம் என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஆனால் வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு ஓர் எல்லை இருக்கிறது. அவர்கள் பார்ப்பது பட்டியலில் ஏறியதை. நூலகத்தில், சுவடிச்சாலையில் எண் போட்டு வைத்ததைத்தான் அவர்கள் வரவழைத்துப் படிக்க முடியும். கறையான் தின்னும் தகரப் பெட்டிக்கு எண் கிடையாது. அதைத் திறந்து பார்க்கக்கூடியவர் பக்கத்து வீட்டு மௌலவியும் பக்கத்துப் பாடசாலை ஆசிரியரும்தான். மௌலவிக்கு அறபு எழுத்து வரும், பழந்தமிழ் வராது. எனக்குப் பழந்தமிழ் ஓரளவு வரும், அறபுத்தமிழின் மேலதிகப் புள்ளிகளில் தடுமாறுவேன். எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்பக்கூடியவர் காயல்பட்டினத்திலோ சிங்கப்பூரிலோ ஜெர்மனியிலோ இருப்பார். சர்வதேசச் சங்கம் என்று ஒன்று இருந்தால் அதன் வேலை எங்கள் மூவரையும் ஒரு பக்கத்தின் முன்னால் உட்கார வைப்பதுதானே?

இதற்குக் கோடிக் கணக்கில் பணம் தேவை என்று சொல்வார்கள். இல்லை. 2005 இல் தன்னார்வலர்கள் சிலர் தொடங்கிய நூலகம் நிறுவனம் இன்று இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பெருந்தொகையாக இணையத்தில் வைத்திருக்கிறது. நான் இந்தக் கட்டுரைக்குப் பார்த்த பழைய மாநாட்டு மலர்கூட அங்கே கிடைத்ததுதான். பிரித்தானிய நூலகத்தின் அழிவின் விளிம்பிலுள்ள ஆவணங்களுக்கான திட்டம் உதவி வழங்கும்போது ஒரு நிபந்தனை வைக்கிறது. மூலப்பிரதி அந்த நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது, பிரதிமட்டும்தான் பகிரப்பட வேண்டும். இந்த நிபந்தனையை நமது சங்கமும் எழுத்தில் ஏற்றுக்கொண்டால் தெரணியகலை வாப்பாவின் பயம் பாதி தீர்ந்துவிடும். கொப்பி அவருடைய வீட்டிலேயே இருக்கட்டும். கறையான் ஏறாத பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுப்போம். படங்கள் மட்டும் கடல் கடக்கட்டும். அதை வாசித்து எவராவது கட்டுரை எழுதினால் யாருடைய வீட்டில் கிடைத்தது என்பதை முதல் பக்கத்தில் போடட்டும்.

இந்தக் கடைசி விடயத்தை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு சர்வதேச ஆய்வரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். பதிவுக் கட்டணத்தை டொலரில் கேட்டார்கள். அது என் மாதச் சம்பளத்தில் பெரிய பங்கு. குறைக்க முடியுமா என்று எழுதினேன், பதில் இல்லை. போகவில்லை. பின்னர் அந்த அரங்கில் வாசிக்கப்பட்ட இன்னொருவருடைய கட்டுரையில் நான் சுருக்கத்தில் குறிப்பிட்ட பிரதியின் விபரம் வந்திருந்தது. தற்செயலாகவும் இருக்கலாம். நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, கையில் இருப்பதை யாருக்கும் காட்டாமல் பொத்தி வைக்கும் புத்தி எனக்கும் வந்துவிட்டது. கூட்டுழைப்பு கெடுவது இப்படித்தான். பெரிய சதியால் அல்ல, சின்னச் சின்ன நம்பிக்கைக் குறைவுகளால்.

ஆகவே உலக மாநாட்டை நடத்தப் போகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விடயங்கள் அல்ல. மாநாட்டுச் செலவில் ஒரு பங்கை மாநாட்டுக்குப் பிறகு வரும் இரண்டு வருடங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். அந்தப் பணத்தில் ஒரு முழுநேர ஊழியர் இருக்கட்டும். இலங்கையிலோ தமிழகத்திலோ, எங்கே என்பது முக்கியமல்ல. அவருடைய வேலை மடல்களுக்குப் பதில் எழுதுவதும் ஒரு பொதுப் பட்டியலைப் பேணுவதும். எந்த ஊரில், யாரிடம், என்ன பிரதி, என்ன நிலையில் என்ற பட்டியல். உவைஸ் கையாலும் காலாலும் நடந்து செய்ததை இன்று கைப்பேசியால் செய்யலாம். பேராளர் கட்டணத்தை நாட்டுக்கு நாடு மாற்றி வையுங்கள். சிங்கப்பூர்ப் பேராசிரியரும் எட்டியாந்தோட்டை ஆசிரியையும் ஒரே தொகை கட்டுவது சமத்துவமல்ல. பயணம் செய்ய முடியாதவருக்குத் திரையில் இடம் கொடுங்கள். ‘இணையத்தில் நடத்தினால் மாநாட்டின் பரக்கத் போய்விடும்’ என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவர் பரக்கத் என்று சொன்னது புரியாணியையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பெண்கள் விடயத்தையும் விட்டுவிட முடியாது. இந்த மாலைகளையும் கிஸ்ஸாக்களையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் நமது உம்மாமார்தான். எழுத்துக்கூட்டி அறபுத்தமிழ் வாசித்தது அவர்கள், பிரசவ அறையிலும் மையித்து வீட்டிலும் மனப்பாடமாகப் பாடியது அவர்கள். மாநாட்டுப் படங்களை எடுத்துப் பாருங்கள், மேடையில் எத்தனை பேர் என்று எண்ணத் தேவையில்லாமலே தெரியும். ஓர் ஆண் ஆய்வாளரால் ஒரு வயோதிப உம்மும்மாவிடம் உட்கார்ந்து தாலாட்டைப் பதிவு செய்ய முடியாது. என் மாணவிக்கு முடியும். அவளைச் சங்கத்துக்குள் எடுக்காமல் அந்தத் தாலாட்டைச் சங்கம் எப்படிப் பெறப்போகிறது?

நமது மாகாணத்திலேயே பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1996 முதல் இயங்குகிறது. நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் தமிழ்பேசும் மாணவர்கள் அங்கே வருகிறார்கள். அங்கிருந்து பலாங்கொடைக்கும் கூரகல ஜெய்லானிக்கும் தொலைவு அதிகமில்லை. ஜெய்லானிப் பள்ளியைச் சுற்றி எழுந்த பாடல்களும் முனாஜாத்துகளும் இன்னும் வயதானவர்களின் வாயில் இருக்கின்றன. அந்த இடத்தைப் பற்றிய தகராறு நமக்கெல்லாம் தெரியும். அந்தப் பாடல்களைத் திரட்டுவதற்கு அந்தத் தகராறு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர்களும் பலாங்கொடை, இரத்தினபுரி மத்ரஸா மாணவர்களும் சேர்ந்து ஒரு விடுமுறையில் தொடங்கக்கூடிய வேலை அது. சர்வதேசச் சங்கம் பயிற்சியும் ஒலிப்பதிவுக் கருவியும் தந்தால் போதும். மாகாணத்துக்கு வெளியே, கண்டி மாவட்டத்தின் கல்ஹின்னையைப் பாருங்கள். ஒரு சின்னக் கிராமத்தில் எஸ். எம். ஹனிபா தமிழ் மன்றம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு வரிசையாக நூல்கள் வெளியிட்டாரே. அவருக்கு எந்த உலகச் சங்கம் உதவியது?

அவசரம் ஏன் என்று கேட்பவர்களுக்கு: இரத்தினபுரியில் களுகங்கை பெருகுவது புதிதல்ல. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வீடுகளின் கூரை வரைக்கும் தண்ணீர் வந்தது. 2016 மே 17 இல் அரநாயக்க சாமசர மலை சரிந்து கிராமங்களே மண்ணுக்குள் போயின. 2001 மே மாதத்தில் மாவனல்லையில் கடைகள் எரிந்ததை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் உயிர்களை எண்ணினோம், சொத்துகளை எண்ணினோம். எரிந்த, நனைந்த, புதைந்த கொப்பிகளை யாரும் எண்ணவில்லை. எண்ணியிருக்கவும் முடியாது, ஏனென்றால் முன்னரே பட்டியல் இல்லை. இன்னொரு பக்கம், நமது மாகாணத்தில் முஸ்லிம் பிள்ளைகள் சிங்கள மொழிமூலத்துக்குப் போவது கூடிக்கொண்டு வருகிறது. அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன, பெற்றோரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் கையில் நாளைக்கு இந்தப் பெட்டி கிடைத்தால் அதில் இருப்பது குர்ஆனா கிஸ்ஸாவா என்றுகூடத் தெரியாது.

தெரணியகலைக் கொப்பிகளைப் படம் எடுக்க அந்த வாப்பா இப்போது சம்மதித்திருக்கிறார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பகுதி மௌலவியும் நானும் அந்த மாணவியும் ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் கொப்பியின் நாற்பத்தியிரண்டு பக்கங்களை எடுத்தோம். கடைசிப் பக்கத்தில், எழுதி முடித்தவரின் பெயருக்குக் கீழே அவருடைய ஊர்ப் பெயர் இருக்கிறது. மை பரவியிருக்கிறது. மௌலவி அதைத் தொண்டி என்று வாசிக்கிறார். எனக்கு நடுவில் இன்னோர் எழுத்து இருப்பதாகப் படுகிறது. அந்தக் கரையைச் சேர்ந்த, அந்தக் கையெழுத்துப் பழகிய ஒருவர் பார்த்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். படம் என் கைப்பேசியில்தான் இருக்கிறது. யாருக்கு அனுப்புவது?